வசதி உள்ளவர் என்று ஒரு கையெழுத்து

சிராஜுக்கு ஓய்வு வந்த மறுநாளே ஓர் எக்செல் ஷீட் பிறந்தது. ஓய்வு என்பது அவர் சொல்லிக்கொள்வது. டெக்ஸாஸின் லாஸ் கொலினாஸில் அவர் வேலை பார்த்த கம்பெனி அவருடைய டீமையே கலைத்துவிட்டு, எட்டு மாதச் சம்பளத்தையும் ஒரு சாக்லேட் கேக்கையும் கையில் கொடுத்து அனுப்பி வைத்தது. வேறு யாராவதாக இருந்தால் நாலு நாள் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார்கள். முப்பது வருடமாக அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதருக்குத் தூக்கம் எங்கே வரும்? அறுபத்தொரு வயதில், இனி எந்த ஊரில் இருந்தால் எவ்வளவு செலவாகும் என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் குடியிருந்த இர்விங்குக்கு அந்த ஷீட்டில் ஏற்பட்ட கதி பரிதாபம். அறுபத்தைந்து வயதில் அரசாங்கம் தரும் மெடிகேர் காப்பீடு கிடைக்க இன்னும் நான்கு வருடம் ஆகும். அதுவரை அவருக்கும் மனைவி அமீனாவுக்கும் இன்ஷூரன்ஸ் மட்டும் மாதம் இரண்டாயிரத்து நானூறு டாலர். சொந்த வீடுதான், கடன்கூட முடிந்துவிட்டது, ஆனாலும் அதில் குடியிருப்பதற்கு வருடம் ஒன்பதாயிரம் வரி. அப்புறம் கூரை, ஏசி, புல்வெட்டு. "சும்மா உக்காந்திருக்கிறதுக்கே இவ்வளவு ஆகுது" என்று அமீனாவிடம் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டார்.

ஊருக்கே போய்விடலாமே என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. உத்தமபாளையத்தில் அவருடைய இரண்டு தம்பிகளும் ஒரு மச்சானும் ஒரே சந்துக்காக எட்டு வருடமாகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேருமே இவரைத் தனித்தனியாகச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் ஊர் வேண்டாம், ஆனால் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் பினாங்கில் போய் நின்றார். ஹலால் சாப்பாடு, தமிழில் ரேடியோ, நல்ல ஆஸ்பத்திரி, ஒரே தூக்கத்தில் திருச்சி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவதற்கு மலேசியா தரும் நீண்டகால விசாவைப் பற்றி ஒரே வாரத்தில் அவர் படித்துத் தள்ளியதைப் பார்த்தால், அந்த நாட்டு அதிகாரிகளே சந்தேகம் கேட்க இவருக்குப் போன் போடலாம்.

விசா என்றால் சும்மா இல்லை. வங்கியில் ஒன்றரை லட்சம் டாலர் வைப்பாகப் போட வேண்டும். அதில் பாதியை வேண்டுமானால் வீடு வாங்க எடுத்துக்கொள்ளலாம், மீதி அங்கேயே தூங்க வேண்டும். ஏஜென்ட் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, இன்ஷூரன்ஸ். எந்தத் தப்பும் செய்யாதவர் என்று எஃப்.பி.ஐ.யிடம் ஆளுக்கொரு சான்று வாங்கப் பதினெட்டு டாலர், அதற்குக் கைரேகை வைக்க இன்னும் முப்பது. ஷீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம். சிராஜ் அதைத் திறந்து பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்தால்கூட அவ்வளவு களை வந்ததாக அமீனாவுக்கு ஞாபகம் இல்லை.

அமீனா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. ஐம்பத்தொன்பது வயது, பதினாறு வருடம் டேகேரில் குழந்தைகளோடு குழந்தையாகத் தரையில் உட்கார்ந்து எழுந்தவள். சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பாள். கல்யாணமான முப்பத்திநாலு வருடத்தில் அவள் கணவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: ஹஜ்ஜுக்குப் போக வேண்டும்.

அதற்கு சிராஜ் சொன்ன பதில்களைத் தனியாக ஒரு ஷீட்டில் போடலாம். முதலில் கிரீன் கார்டு வரவில்லை, இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியுமோ என்னவோ. கார்டு வந்தது, வீடு வாங்கினார். கடன்காரன் மேல் ஹஜ் கடமை இல்லை, மார்க்கமே சொல்கிறது. அப்புறம் மகன் இர்ஃபானின் காலேஜ். அப்புறம் மகள் ஆஸிபாவின் கல்யாணம். அப்புறம் கொரோனா, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கடைசியாக, போன வருடம், அவர் கண்டுபிடித்ததுதான் உச்சம். "ஹஜ் வருஷா வருஷம் பத்து நாள் முன்னாடி வருதுல்ல? இன்னும் ஏழெட்டு வருஷம் வெயிட் பண்ணினா வெயில் காலம் முடிஞ்சு குளிருக்கு வந்துரும். கூலா போயிட்டு வரலாம்" என்றார். ஏழெட்டு வருடம் கழித்துத் தனக்கும் அவளுக்கும் என்ன வயதாகும் என்று மட்டும் அந்தக் கணக்குப் புலி கூட்டிப் பார்க்கவில்லை.

வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. சிராஜ் நல்ல மனிதர். ஐந்து வேளையும் தொழுவார், ஜகாத்தை ஒரு டாலர் குறைக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஆனால் வசதி உள்ளவர் மேல்தான் ஹஜ் கடமை; ஒருவருக்கு அந்த 'வசதி' என்பது எப்போது வருகிறது? சிராஜ் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார், அது எப்போதும் அவருக்கு ஒரு படி மேலேயே இருந்தது. தன்னிடம் வசதி வந்துவிட்டது என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

இந்த நிலையில்தான் கோலாலம்பூரிலிருந்து ஏஜென்ட் ரஞ்சித்குமார் வீடியோ காலில் வந்தார். சுறுசுறுப்பான இளைஞர், டை கட்டியிருந்தார்.

"சார், எல்லாம் ரெடி. ஒரே ஒரு டிக்ளரேஷன் பாக்கி. எங்க ஆபீஸ் ஃபார்மெட்ல அனுப்பியிருக்கேன். உங்ககிட்ட சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ் இருக்குன்னு நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணி, நீங்களும் மேடமும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ரெண்டு பேரோட பேங்க் அக்கவுண்ட் எல்லாத்தையும் லிஸ்ட் பண்ணணும்."

"மேடமுக்குத் தனி அக்கவுண்ட் எல்லாம் கெடையாது. எல்லாம் ஜாயின்ட்தான்" என்றார் சிராஜ். அடுப்படியில் நின்றிருந்த அமீனா திரும்பிப் பார்த்தாள்.

அந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெக்கார்தர் சாலையில் இருக்கும் வங்கிக் கிளையில் நோட்டரி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். சிராஜ் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடத் தயாரானார். அமீனா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். டேகேரில் ஒரு குழந்தைக்கு முட்டி சிராய்த்தால்கூட ஒரு ஃபார்ம் எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். பதினாறு வருடப் பழக்கம், படிக்காமல் அவள் கை எழுதாது. விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். நோட்டரிப் பெண் பொறுமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிராஜ் வாட்சைப் பார்த்தார்.

என் கடன்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டன, என் குடும்பத்துக்கு நான் செய்ய வேண்டிய கடமைகள் அனைத்தும் நிறைவேறிவிட்டன, அன்றாடச் செலவுகள் போக என்னிடம் போதிய அளவு உபரிப் பணம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"என்னங்க, இதுல எழுதியிருக்கிறதெல்லாம் நெசமா?" என்று தமிழில் கேட்டாள்.

"பின்னே? பொய்யாவா நோட்டரிகிட்ட வருவாங்க?"

"எல்லாக் கடனும் முடிஞ்சிருச்சா?"

"போன வருஷமே மார்ட்கேஜ் க்ளோஸ் பண்ணியாச்சே. உனக்குத் தெரியாதா?"

"பிள்ளைங்களுக்குச் செய்ய வேண்டியது?"

"இர்ஃபான் செட்டில் ஆயிட்டான், ஆஸிபாவைக் கட்டிக் குடுத்து பத்து வருஷமாச்சு. இப்ப என்ன, இன்டர்வியூ எடுக்கிறியா? போடு, அந்தப் பொண்ணு வெயிட் பண்ணுது."

"சும்மாதான் கேட்டேன்" என்று அமீனா கையெழுத்துப் போட்டாள். நோட்டரிப் பெண் இருவரையும் வலது கையைத் தூக்கச் சொன்னாள். இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறீர்களா என்று கேட்டாள். சிராஜ் ஆமாம் என்றார், கொஞ்சம் பெருமையாகவே. முத்திரை விழுந்தது.

திரும்பும்போது ஃப்ரீவேயில் ஏறினார்கள். ஏறி, லேன் மாறி, சிராஜ் கையைத் தளர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு அமீனா சொன்னாள்.

"அப்ப நம்ம மேல ஹஜ் கடமையாயிருச்சு."

சிராஜ் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டார். இருபத்தேழு வருடமாக டெக்ஸாஸில் கார் ஓட்டுகிறார், அந்த எக்ஸிட்டை அன்றுதான் முதல் தடவை தவறவிட்டார்.

"அது வேற, இது வேறம்மா. அது டெபாசிட்டுக்குப் போற பணம்."

"உபரின்னு சத்தியம் பண்ணினீங்க."

"விசாவுக்கு அப்படித்தான் எழுதுவாங்க."

"கையத் தூக்கி அல்லாவ சாட்சி வச்சுத்தான பண்ணினீங்க? விசாவுக்கு ஒரு சத்தியம், ஹஜ்ஜுக்கு ஒரு சத்தியமா?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, சுற்றிக்கொண்டு, வீடு வந்து சேர இருபது நிமிடம் கூடுதலாக ஆனது. அந்த இருபது நிமிடமும் சிராஜ் யோசித்தார், ஒரு பதிலும் அகப்படவில்லை. இத்தனை வருடமும் பதில் சொல்லிப் பழகியவருக்கு அது புதிதாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாமிடம் போனார். இமாம் ஹூஸ்டனில் பிறந்த இளைஞர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஆங்கிலத்தில்தான் பேசுவார். தன் நண்பர் ஒருவர் இருப்பதாகவும், அவருடைய பணமெல்லாம் ஒரு நாட்டு விசாவுக்காக வைப்பில் பூட்டப்பட்டுவிடப் போவதாகவும், அந்த நண்பர் மேல் ஹஜ் கடமையாகுமா என்றும் சிராஜ் கேட்டார். இமாம் தாடியைத் தடவினார். அந்தப் பணத்தைப் பூட்டப் போவது யார் என்று கேட்டார். நண்பர்தான் என்றார் சிராஜ். ஏற்கனவே பூட்டிவிட்டாரா? இல்லை, அடுத்த மாதம். அப்படியானால் இன்னும் கையில்தானே இருக்கிறது, முதலில் ஹஜ்ஜுக்குப் போகச் சொல்லுங்கள் என்றார் இமாம். சிராஜ் நன்றி சொல்லிவிட்டு ஷூவைத் தேடினார். "நண்பருக்கு வேறு சந்தேகம் இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், பிரதர் சிராஜ்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வீட்டில் அமீனா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இமாமைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். கொஞ்சம் காம்ப்ளிகேட்டட்னு சொன்னார்" என்றார் சிராஜ்.

"சரி" என்றாள் அமீனா, மீனைத் திருப்பிப் போட்டாள். தொழுதுவிட்டு வந்த வாயால் சொன்ன பொய் அது.

அடுத்த வாரம் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை. சிராஜுக்குச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எல்லைக்குள் இருந்தது, ஷீட்டில் பச்சை நிறம் போட்டுக்கொண்டார். அமீனா நடந்து வந்ததைப் பார்த்த டாக்டர், அவள் கேட்காமலேயே முழங்கால்களுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைத் திரையில் போட்டார். வலது முட்டியில் இடைவெளியே இல்லை, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன, இடதும் அந்த வழியில்தான் போகிறது என்றார். நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று அமீனாவிடம் கேட்டார்.

"கால் மைல் இருக்கும்" என்றாள் அமீனா.

எத்தனை நாளாக இப்படி?

"மூணு வருஷமா."

சிராஜ் அவளைப் பார்த்தார். மூன்று வருடமாக அவர் கடைக்கு அழைத்தால் அவள் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். வெயில் என்பாள், அசதி என்பாள், நீங்க போய் வாங்கிட்டு வாங்க என்பாள். அவரும் போய் வாங்கி வந்துவிடுவார். முப்பது வருடம் குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்தவர், பக்கத்து சீட்டில் இருந்த வலியைக் கண்டுபிடிக்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்று பார்க்கிங் லாட்டில் கேட்டார்.

"சொன்னா ஆபரேஷன்ம்பாங்க. ஆபரேஷன்னா ஒரு வருஷம் போயிரும். அதுக்குள்ள நீங்க ஹஜ்ஜுக்கு சரின்னுட்டீங்கன்னா?" என்றாள். காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு முதலில் உட்கார்ந்தாள். பிறகு வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். எத்தனையோ நாளாக அப்படித்தான் ஏறியிருப்பாள், சிராஜ் பார்த்தது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து ரஞ்சித்குமார் மறுபடியும் கூப்பிட்டார். டெபாசிட்டோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்துப் பார்த்தால் காட்டிய தொகையில் பன்னிரண்டாயிரம் டாலர் இடிக்கிறது என்றார். "ரெண்டு வாரத்துல காட்டிட்டா ஃபைல் உள்ள போயிரும் சார். லேட் ஆனா ரூல்ஸ் மாறிடும், டெபாசிட் ஏறினாலும் ஏறிடும். இந்த சான்ஸை விட்றாதீங்க."

ரிட்டயர்மென்ட் அக்கவுண்ட்டில் பணம் இருந்தது. ஆனால் இந்த வருடம் எடுத்தால் வரி கடித்துவிடும். சிராஜ் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டாயிரத்தை இங்கே தள்ளி, அங்கே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. அமீனா மாடிக்குப் போனாள். படிகளில் அவள் ஒவ்வொரு காலாக வைத்து ஏறுவது அவருக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி இறங்கி வந்தாள். ஒரு காகிதத்தை லேப்டாப் மேல் வைத்தாள்.

"இதையும் சேத்துக்கங்க. ரெண்டு பேரு அக்கவுண்டும் காட்டணும்னுதான அந்தத் தம்பி சொல்லுச்சு. நோட்டரிகிட்டயும் நான் இதைச் சொல்லாம கையெழுத்துப் போட்டுட்டேன், அது தப்புதான்."

அவள் பெயரில் ஒரு வங்கி ஸ்டேட்மென்ட். பதினேழாயிரத்து நானூறு டாலர்.

"இது என்ன பணம்?"

"ஓதிக் குடுத்த பணம்."

சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் ஏதோ கொடுப்பார்கள் என்று சிராஜுக்குத் தெரியும். அதை அவள் வளையல், பேரப்பிள்ளைக்கு பொம்மை என்று செலவழித்துவிடுவாள் என்று நினைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அவள் கையில் புது வளையல் பார்த்தே பல வருடமாகிறது.

"எதுக்கு சேத்த?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று உறைத்தது.

அமீனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு ஆளுக்கு இது எப்பவோ போதுமே."

"போதும். ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுலயே பன்னெண்டாயிரம் சேந்துருச்சு. அப்ப அவ்வளவுதான் பேக்கேஜ்."

"அப்புறம் ஏன் போகல? கொரோனா முடிஞ்சப்பவாவது போயிருக்கலாமே?"

"இர்ஃபான் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னான். ஆஸிபா லேடீஸ் க்ரூப் ஒண்ணு போகுது, சேத்து விடறேன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்." அவள் மேஜைத் துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். "இத்தனை வருஷம் ஒண்ணா இருந்துட்டு, அங்க போயி நான் மட்டும் தனியா நின்னுக்கிட்டு, எங்க வீட்டுக்காரருக்கு வசதி இல்லைன்னு அல்லாட்ட எப்படிங்க சொல்றது? பொய் சொல்ல முடியுமா அங்க?"

அமீனா காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"காசு வந்தப்பவே என் மேல கடமையாயிருச்சு. உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சேன். இப்ப காலு போச்சு. எடுத்துக்கங்க. அங்க வீடு பாக்கிறப்ப லிஃப்ட் இருக்கிற வீடாப் பாருங்க, அது போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சிராஜ் சமாளித்திருப்பார். கோபத்துக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும். அவள் நிஜமாகவே கொடுத்துவிட்டாள், அதுதான் அவரை அடித்தது. வெட்கமாக இருந்தது, அழுகை வந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஆஸிபாவுக்குத் தெரியும், இர்ஃபானுக்குத் தெரியும், தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? இன்னொரு பதில் கண்டுபிடித்திருப்பார்.

"அமீனா, இமாம் காம்ப்ளிகேட்டட்னு சொல்லல. போகச் சொல்லித்தான் சொன்னார்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"காம்ப்ளிகேட்டடா இருந்திருந்தா நீங்க ஒரு மணி நேரம் உக்கார வச்சு விளக்கியிருப்பீங்கல்ல."

சிராஜ் காகிதத்தை எடுத்து, மடித்து, அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். லேப்டாப்பில் இருந்த ஷீட்டை மூடினார். சேமிக்கவா என்று அது கேட்டது, அதற்குக்கூட அவர் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து, பக்கத்து ஊரான ஆலனில் இருந்த ஆஸிபாவைக் கூப்பிட்டார்.

"ஆஸிபா, அந்த ஹஜ் புக்கிங் வெப்சைட் எப்பம்மா ஓப்பன் ஆகுது?"

போன் கட்டாகிவிட்டதோ என்று சிராஜ் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "அத்தா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள் ஆஸிபா.

ரஞ்சித்குமாரிடம் இந்த வருடம் வேண்டாம் என்று சொன்னபோது அவர் பதறிப் போனார். முன்பணம் திரும்ப வராது, நோட்டரி போட்ட பேப்பரும் ஆறு மாதத்தில் செத்துவிடும் என்றார். "செத்துட்டுப் போகுது தம்பி. மறுபடி சத்தியம் பண்ணிக்கலாம்" என்றார் சிராஜ். ஆளுக்குப் பதினான்காயிரம் டாலருக்கு ஒரு பேக்கேஜ் கிடைத்தது. பணம் கட்டும்போது சிராஜ் இரண்டு பேருக்கும் தன் கார்டைத் தேய்க்கப் போனார், அமீனா விடவில்லை. "என் ஹஜ்ஜுக்கு என் காசு" என்று தன் அக்கவுண்ட் நம்பரை ஆஸிபாவிடம் சொன்னாள். படிவத்தில் நடப்பதற்கு உதவி தேவையா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆஸிபா தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்தாள். ஆமாம் என்ற கட்டத்தில் சிராஜ்தான் டிக் போட்டார். ஆபரேஷனை டாக்டர் ஹஜ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார், முட்டியில் ஊசி போட்டு, தினமும் கொஞ்சம் நடந்து பழகச் சொன்னார்.

மார்ச் மாதத்திலிருந்து தினமும் காலையில் லாஸ் கொலினாஸ் ஏரிக்கரைப் பாதைக்குப் போனார்கள். பள்ளிவாசலில் இரவல் வாங்கிய வீல்சேரும் கூடவே போயிற்று. முதல் நாள், அமீனா அதன் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். சிராஜ் பக்கத்தில் நடந்தார். அவளுடைய வேகத்துக்கு நடப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு அடி முன்னே போய்விடுவார், நிற்பார், திரும்பி வருவார்.

"உக்கார்றியா?"

"அந்த லைட் கம்பம் வரைக்கும்."

கம்பம் வந்தது. அமீனா அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு வீல்சேரில் உட்கார்ந்து, துப்பட்டாவைச் சக்கரத்தில் மாட்டாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். சிராஜ் தள்ள ஆரம்பித்தார். ஏரியின் மறுகரையில் அவர் பழைய ஆபீஸ் கட்டடம் தெரிந்தது. அவருடைய ஜன்னல் ஏழாவது மாடியில், இதே பாதையைப் பார்த்தபடி இருந்தது.

"முட்டி போறதுக்கு முன்னாடி, டேகேர் விட்டதும் இங்கதான் வருவேன்" என்றாள் அமீனா. "நீங்க ஆபீஸ் முடிச்சு எறங்கி வர லேட் ஆகும்ல. ஹஜ்ஜுக்கு நடந்து பழகணும்னு ஏரிய மூணு சுத்து சுத்துவேன். மேல இருந்து பாத்ததே இல்லையா நீங்க?"

சிராஜ் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து பாதை தெரியவில்லை. வீல்சேர் மெல்ல மெல்ல நின்றேவிட்டது.

"தள்ளுங்க" என்றாள் அமீனா, திரும்பிப் பார்க்காமலே. "இப்படி நின்னு நின்னு தள்ளினா அங்க கூட்டத்துல நம்மள மிதிச்சுட்டுப் போயிருவாங்க."

சிராஜ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளினார். அன்று அவர்கள் ஏரியை மூன்று சுற்று சுற்றினார்கள். அதில் அமீனா நடந்தது அந்த முதல் லைட் கம்பம் வரைதான்.